புராஸ்டேட்: வாசலில் நிற்கும் சுரப்பி

கொடைக்கானல் கீழ்மலையில், எங்கள் பண்ணைக்காட்டுப் பக்கம், மார்கழி தை ராத்திரிகளில் வயசான ஆண்கள் விடிய விடியத் தூங்குவது அபூர்வம். இரண்டு மணிக்கு ஒரு கதவு திறக்கும். வேலியோரம் காட்டுமாடு நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். அப்புறம் அந்த வெளிச்சம் ஒரே இடத்தில் வெகுநேரம் அசையாமல் நிற்கும். நீர் வர அவ்வளவு நேரம் ஆகும்.

என் பெரியப்பா இதை நாலைந்து வருஷம் ‘குளிருக்கு அப்படித்தான்’ என்று சொல்லியே ஓட்டினார். குளிருக்கும் பங்கு உண்டுதான். உடம்பு குளிரில் விறைக்கும்போது மூத்திரப் பையின் கழுத்தில் இருக்கும் தசையும் சேர்ந்து இறுகும். ஒருநாள் மூக்கடைப்புக்கு மாத்திரை போட்டுப் படுத்தவருக்கு அடியோடு நின்றுவிட்டது. மூக்கின் ரத்தக்குழாயைச் சுருக்குகிற சில மருந்துகள் அந்தக் கழுத்துத் தசையையும் இறுக்கிவிடும். ராத்திரியோடு ராத்திரியாக ஜீப்பில் வத்தலக்குண்டு இறக்கி டியூப் போட்டு, பிறகு மதுரையில் ஆபரேஷன். வீடு திரும்பி ஆறு மாதம் கழித்து அவர் கேட்ட கேள்விதான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது: “புராஸ்டேட்டை எடுத்தாச்சுன்னாங்க. இப்ப அதுக்கே ரத்தப் பரிசோதனை எழுதியிருக்காங்களே, இல்லாததுக்கு எதுக்குப்பா பரிசோதனை?”

புராஸ்டேட் என்பது ஆண்களின் மூத்திரப் பைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பி. முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். கிரேக்கத்தில் ‘ப்ரோ’ என்றால் முன்னால். ‘ப்ரோஸ்டாட்டெஸ்’ என்றால் முன்னால் நிற்பவர், தலைவர், காப்பவர். பழைய கிரேக்க மருத்துவத்தில் இந்தப் பகுதிச் சுரப்பிகளைப் பற்றிய பேச்சு அலெக்சாந்திரியாவின் மருத்துவர் ஹீரோஃபிலஸ் காலத்திலேயே, அதாவது கி.மு. 300 வாக்கிலேயே உண்டு. பிறகு நெடுங்காலம் மறந்துபோய், 1536இல் வெனிசைச் சேர்ந்த நிக்கோலோ மாசா இந்த உறுப்பை மறுபடி விவரித்தார். 1538இல் உடற்கூறு வல்லுநர் வெசாலியஸ் படம் வரைந்தார். 1600இல் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே து லோரன்ஸ் ‘ப்ரோஸ்டாட்டே’ என்று பெயர் வைத்தார். அது பன்மை. இரண்டு சுரப்பி இருக்கிறது என்று அப்போது நினைத்திருந்தார்கள். கருவறை வாசலில் இருபுறமும் நிற்கும் துவாரபாலகர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் ஆண்பாலாக இருந்த சொல்லை லத்தீனுக்குக் கொண்டுபோகையில் பெண்பாலாக்கிவிட்டார்கள் என்பது கூடுதல் வேடிக்கை. இருப்பதோ ஒரே சுரப்பி என்பதும் அப்புறம்தான் தெளிந்தது.

நம் ஊர் சீட்டுகளில் ‘பிராஸ்ட்ரேட்’ என்று ஒரு ர கூட்டி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அது வேறு சொல். குப்புற விழுந்து கும்பிடுவது. நிற்பவரைச் சாஷ்டாங்கமாக விழ வைத்துவிடுகிறோம்.

தமிழில் ‘முன்னிற்கும் சுரப்பி’ என்ற கலைச்சொல் உண்டு. கிரேக்கத்தை அப்படியே பெயர்த்தது. குறை என்னவென்றால், ‘முன்’ என்றதும் நாம் வயிற்றுப் பக்கத்தை நினைப்போம். இது இருப்பது மூத்திரப் பைக்கு அடியில், அதன் வாயை ஒட்டி. வாலிபத்தில் 20 கிராம் எடை, பெரிய நெல்லிக்காய் அளவு. மூத்திரக் குழாய் இதன் நடுவில் துளைத்துக்கொண்டு போகிறது. விந்துத் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை. ‘ஆண்மைச் சுரப்பி’ என்று எழுதுகிறவர்களும் உண்டு; தயவுசெய்து வேண்டாம். அதைக் கேட்கிற பெரியவர் ஆண்மையே போய்விடும் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார். உறுப்புக்குப் புராஸ்டேட் என்ற பெயரே எனக்குப் போதும்.

நோய்க்குத்தான் நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் நீர் அடைபடுவது நீர்க்கட்டு. கல் அடைத்தால் கல்லடைப்பு. சதை அடைத்தால் சதையடைப்பு. எது அடைக்கிறதோ அதுவே பெயர். ‘உள்ள சதை வளர்ந்திருக்கு’ என்று எங்கள் ஊரில் சொல்வதும் இதே கணக்கு.

சரி, பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். அதற்கு ஒரு கமலா ஆரஞ்சு போதும்; தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. வயதானால் குழாயைச் சுற்றியுள்ள உள்பகுதி பெருக்கிறது. அது சுளை. பெருத்த சுளை வெளிப்பகுதியை நெருக்கி நெருக்கித் தோலாக்கிவிடுகிறது. கமலாவில் சுளைக்கும் தோலுக்கும் நடுவே விரல் சுலபமாக நுழையும் இல்லையா, அப்படி ஓர் இடைவெளி இங்கேயும் கிடைக்கும்.

சதையடைப்புக்குச் செய்கிற ஆபரேஷன்கள் எல்லாம் சுளையோடு நின்றுவிடும். பெரியப்பாவுக்குச் செய்த டி.யு.ஆர்.பி.யில் உடம்பின் மேல் கீறலே கிடையாது. மூத்திரக் குழாய் வழியாகவே கருவியை விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சதையைச் சீவல் சீவலாகச் செதுக்கி, நீர் அடித்து வெளியே எடுக்கிறார்கள். இதற்கு மருத்துவச் சொல் ‘ரிசெக்‌ஷன்’, லத்தீனில் ‘வெட்டிக் குறைத்தல்’. தமிழில் ‘செதுக்கல்’ என்றால் கச்சிதம். லேசர் வைத்துச் செய்யும் ஹோலெப்பில் சுளையை மொத்தமாகத் தோலிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். இப்படிப் பிரிப்பதற்கு ‘எனூக்ளியேஷன்’ என்று பெயர்; அதற்கு லத்தீன் வேரில் ‘கொட்டையை வெளியே எடுத்தல்’ என்று பொருள். அதை அப்படியே தமிழாக்கினால் நோயாளி கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடுவார். ‘சுளை உரித்தல்’ என்போம்.

பெரியப்பாவின் குழப்பம் பெரிய பெரிய ஆட்களுக்கும் இருந்திருக்கிறது. இந்தியாவில் ராணுவ மருத்துவப் பணியில் இருபது வருஷம் போல இருந்துவிட்டு லண்டன் திரும்பிய பீட்டர் ஃப்ரேயர், 1900 டிசம்பரில் வயிற்றைக் கீறி மூத்திரப் பைக்குள் விரலை விட்டுச் சுளையைப் பெயர்த்தெடுத்தார். சுரப்பியை முழுசாக எடுத்துவிட்டேன் என்று அறிவித்தார். இல்லை, தோல் உள்ளேதான் இருக்கிறது என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்கள் சொன்னதுதான் சரி.

முழுசாக எடுப்பது புற்றுநோய்க்கு. 1904இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹியூ யங் செய்து காட்டியது. தோல், சுளை, ஒட்டியுள்ள விந்துப் பைகள் எல்லாவற்றையும் அகற்றி, மூத்திரப் பையைக் குழாயோடு நேராகத் தைக்கிறார்கள். ‘முழு அகற்றல்’ என்று சொல்லலாம். இந்த இரண்டையும் ஊரில் ‘புராஸ்டேட் ஆபரேஷன்’ என்ற ஒரே பெயரில் சொல்வதுதான் சிக்கல்.

ஏனென்றால் புற்று பெரும்பாலும், பத்தில் ஏழு பேருக்கு, தோலில்தான் தொடங்குகிறது. சுளையை உரித்தவருக்குத் தோல் மிச்சமிருக்கிறது, பி.எஸ்.ஏ. என்ற புரதத்தையும் அது சுரந்துகொண்டே இருக்கும். பெரியப்பாவுக்கு எழுதிய ரத்தப் பரிசோதனை அளப்பது அந்தப் புரதத்தைத்தான். செதுக்கலுக்குப் பிறகு ரத்தத்தில் அந்த அளவு குறையும், பூஜ்யமாகாது. முழு அகற்றலுக்குப் பிறகோ கருவிக்கு எட்டாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். ஏறினால் விசாரிக்க வேண்டும். ஒரே பரிசோதனை, இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ராடிகல்’ என்று இருந்தால் முழு அகற்றல், டி.யு.ஆர்.பி., ஹோலெப் என்று இருந்தால் தோல் உள்ளே.

பெரியப்பா ஃபைலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப அவங்க எடுத்தாச்சுன்னு சொன்னது சுளையைத்தான்.” ஆமாம் என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே வத்தலக்குண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.