நிலை முகவரியும் மாறும் முகவரியும்

கண்காணிப்புக் கேமரா பொருத்த வருபவர், ‘ஸ்டாட்டிக் ஐபி போட வேண்டும்’ என்கிறார். இணைய இணைப்பு கொடுத்தவரோ, அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார். ஐபி என்பது வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண் முகவரி; ஸ்டாட்டிக் என்றால் மாறாதது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. முன்னவர் சொல்வது வீட்டுக்குள் நாமே இலவசமாக அமைத்துக்கொள்ளும் முகவரி, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். பின்னவர் சொல்வது வெளியுலகம் நம் இணைப்பை அறியும் முகவரி. இங்கே பேசுவது முன்னதைப் பற்றி.

‘நிற்கச் செய்கிற’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ‘ஸ்டாட்டிக்’. நம்மிடமும் ‘நில்’ என்பதிலிருந்தே ‘நிலை’ பிறக்கிறது. ஆகவே ‘நிலை முகவரி’ இயல்பாகப் பொருந்துகிறது. அதன் எதிர்ச்சொல்லான ‘டைனமிக்’ என்பதன் கிரேக்க வேருக்கு ஆற்றல் என்று பொருள். அதை வைத்து ‘இயங்குநிலை முகவரி’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முகவரி எங்கே இயங்குகிறது? அது மாறுகிறது. ‘மாறும் முகவரி’ என்றால் யாருக்கும் புரியும்.

மாறும் முகவரியைத் தருவது டிஎச்சிபி என்னும் நெறிமுறை. 1993இல் தரமாக வெளியானது. புதிதாக இணையும் கைப்பேசி, முகவரி தருபவர் யார் என்று வலையமைப்பு முழுவதும் கேட்கும். இணைப்பை வீட்டுக் கருவிகளுக்குப் பகிரும் ரவுட்டர், ஒரு முகவரியை முன்வைக்கும். கைப்பேசி அதையே கேட்டுப் பெறும். ஆனால் அது குறித்த காலத்துக்கு மட்டுமே. ஆங்கிலத்தில் இதற்கு ‘லீஸ்’. புதுச்சேரியில் பலர் படிக்கும் பிரெஞ்சிலும், வீட்டு வாடகை ஒப்பந்தத்தைக் குறிக்கும் சொல்லே இதற்கும் வழங்குகிறது. நமக்குக் ‘குத்தகை’ இருக்கிறது. பாகூர் வயல்களுக்குப் பேசுகிற அதே குத்தகை. பாதிக் காலம் கழிந்ததும் கருவியே அதைப் புதுப்பிக்கக் கேட்கும். அதனால்தான் மாறும் முகவரி பல நாட்கள் மாறாமலும் இருக்கிறது. நெடுநாள் அணைத்து வைத்த பிரிண்டரின் முகவரி வேறொரு கருவிக்குப் போய்விடலாம். பிறகு கணினி அதைப் பழைய இடத்தில் தேடி ஏமாறும்.

பிரிண்டருக்கும் கேமராவுக்கும் நான் பரிந்துரைப்பது மூன்றாவது வகை. ரவுட்டரின் அமைப்புகள் பக்கத்தில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றிருக்கும். ‘ஒதுக்கிவைத்த முகவரி’ எனலாம். கருவியின் வலையமைப்புப் பகுதிக்கு உரிய மாக் எண்ணை அடையாளம் வைத்து, ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அதே முகவரியைக் கொடுக்கும். கருவியிலேயே கையால் நிலை முகவரி எழுதுவதானால், ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கும் எண்களுக்கு வெளியே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இல்லையேல் அதே எண்ணை அது இன்னொரு கருவிக்கும் கொடுத்து, இரண்டின் இணைப்பும் தடுமாறும்.