ரோமின் வானத்தில் ஏழு பேர் கணக்கு

குளிர்காலத்தில் ரோம் போய்வந்த வாசகர் ஒருவர் சிறிய வீடியோ அனுப்பியிருக்கிறார். டெர்மினி ரயில் நிலையத்துக்கு மேலே, பொழுது சாயும் நேரத்தில், கரும்புகை போன்ற ஒன்று சுருண்டு, நீண்டு, முறுக்கிக்கொள்கிறது. கீழே சிலர் குடை விரித்திருக்கிறார்கள். மழையல்ல, எச்சம். "இத்தனை பறவைகளுக்கும் தலைவன் எது?" என்பது அவர் கேள்வி.

தலைவனே கிடையாது.

இவை ஸ்டார்லிங் பறவைகள். நம் மைனாவின் குடும்பம். குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வரும் சோளப்பட்சி நெருங்கிய சொந்தம். வடக்கிலிருந்து வரும் இவை பகலில் புறநகர் ஆலிவ் தோப்புகளில் மேய்ந்துவிட்டு, நகரம் கதகதப்பாக இருப்பதால் இரவுக்கு இங்கே வந்துவிடுகின்றன.

அந்த நிலையத்துக்கு எதிரில் பலாட்ஸோ மாஸிமோ அருங்காட்சியகம் இருக்கிறது. ஈராயிரம் ஆண்டு பழைய தோட்டச் சுவரோவியம் ஒன்று அங்கே உண்டு. மாதுளை மரங்களுக்கிடையே பறவைகளைத் தீட்டியிருக்கிறார்கள். அதைப் பார்க்கப் போகிறவர்களுக்கு, அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் இயற்பியலாளர்கள் கேமராவோடு நின்ற கதை தெரிந்திருக்காது. ஜார்ஜியோ பாரிஸியும் (2021 நோபல், ஆனால் வேறு வேலைக்காக) ஆந்திரேயா கவாக்னாவும் இருந்த குழு அது. 25 மீட்டர் இடைவெளியில் கேமராக்களை வைத்து, ஒரே நொடியில் படமெடுத்தார்கள். நம் இரு கண்கள் ஆழத்தை அறிகிற அதே உத்திதான். இந்தப் படத்திலுள்ள புள்ளி, அந்தப் படத்தில் எந்தப் புள்ளி என்று ஆயிரக்கணக்கில் பொருத்துவதில்தான் உயிர் போயிருக்கும்.

பிறகு ஒவ்வொரு பறவைக்கும் மிக அருகிலுள்ள பறவை எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். நேர் முன்னால் அபூர்வம், பக்கவாட்டில்தான் அதிகம். அப்படியானால் ஒன்றையொன்று கவனிக்கின்றன. இரண்டாவது அண்டை, மூன்றாவது அண்டை என்று எண்ணிக்கொண்டே போனால் இந்த ஒழுங்கு தேய்ந்து, ஆறு ஏழைத் தாண்டியதும் காணாமல் போகிறது. கூட்டம் நெருக்கமாகப் பறந்தாலும் கலைவாகப் பறந்தாலும் அதே ஆறேழுதான்! 2008இல் இது வெளிவந்தபோது பலருக்கும் வியப்பு. 'இத்தனை மீட்டருக்குள் இருப்பவர்களைக் கவனி' என்ற விதியைத்தான் அதுவரை பறவைக் கூட்டத்தைப் போலச் செய்துபார்த்த கணினி மாதிரிகள் பெரும்பாலும் நம்பியிருந்தன.

தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். 'பத்தடிக்குள் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்' என்றால், கூட்டம் விலகும் இடத்தில் பத்தடிக்குள் நம் ஆள் எவரும் இருக்கமாட்டார், தொலைந்தோம். 'ஆறு பேரைக் கண்ணிலேயே வைத்துக்கொள்' என்றால், இடைவெளி கூடினாலும் பிடி விடாது. ஸ்டார்லிங் செய்வது இதைத்தான். ஒன்று திரும்பினால் அதன் ஆறேழு அண்டைகள் திரும்பும், அவற்றின் அண்டைகள் திரும்பும். நமக்குத் தெரியும் அந்த அலை இதுதான்.

1931இல் எட்மண்ட் செலூஸ் என்ற இயற்கை ஆர்வலர் இதற்கு மனத்தொடர்புதான் (ஒரு பறவையின் எண்ணம் நேராக இன்னொன்றுக்குப் போவது) காரணம் என்று எழுதினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதே ரோமில் பறவை பறக்கும் திசை பார்த்துத் தேவர்களின் சம்மதம் கேட்டார்கள். புள் நிமித்தம் பார்த்த நாம் சிரிக்க முடியாது. ஆனால் அந்த மொட்டைமாடிக் குழு பறவையை எண்ணுவதற்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுத்தது. இங்கே அப்படியொரு விண்ணப்பம் போனால் 'இதனால் என்ன லாபம்?' என்ற கேள்வியோடு திரும்பி வரும் என்பது என் சந்தேகம்.

வாசகர் தம் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்க்கட்டும். பாதியில் கூட்டம் இடுப்பு ஒடுங்கி இரண்டாகப் பிய்வதுபோல் ஆகிறது. வலது ஓரத்தில் தனியாகப் பாயும் புள்ளி வல்லூறாக இருக்கலாம். இரண்டு நொடியில் கூட்டம் மறுபடி ஒன்றாகிவிடுகிறது.