கையால் செய்த நகையை வெளிமாநிலத்துக்கு விற்க ஜிஎஸ்டி எண் வேண்டுமா?

டெரகோட்டா ஜிமிக்கி செய்து விற்கும் என் தோழிக்குப் போன வருடம் பெங்களூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க 40 ஜோடி. ஜிஎஸ்டி எண் இல்லாமல் வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் அபராதம் போடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட, அவள் வேண்டாம் என்று மறுத்துவிட்டாள். களிமண்ணைச் சலித்துப் பிசைந்து, ஊசி முனையால் கோடு கீறி, நிழலில் காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டி முடிக்க எத்தனை நாளாகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். வந்த ஆர்டரை ஒரு தவறான தகவலுக்காக விட்டது இன்னும் மனசில் உறுத்துகிறது. அந்த விற்பனைக்கு ஜிஎஸ்டி எண் தேவையே இல்லை.

முதலில் பொது விதி. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டியில் பதிவு செய்து எண் வாங்குவது கட்டாயம். 2019 ஏப்ரல் 1 முதல் இதுதான் வரம்பு. வீட்டில் இருந்தபடி நகை செய்யும் பெரும்பாலானவர்கள் இதன் பக்கத்தில்கூட வரமாட்டார்கள். சிக்கல் எங்கே என்றால், ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆம் பிரிவில். மாநில எல்லையைத் தாண்டிப் பொருள் விற்றால், தொகை எவ்வளவு சிறியதானாலும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. விழுப்புரத்தில் இருப்பவர் புதுச்சேரிக்கு ஒரு வளையல் செட் அனுப்பினாலும் சட்டத்தின் கணக்கில் அது எல்லை தாண்டிய விற்பனைதான். எல்லோரும் சொல்லிப் பயமுறுத்துவது இந்தப் பிரிவைத்தான்.

ஆனால் கைவினைப் பொருளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. 2017 செப்டம்பரில் முதலில் வந்தது, 2018 அக்டோபரில் திருத்தி மறுபடி அறிவிக்கப்பட்டது. வெளிமாநில விற்பனை இந்தியா முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், கைவினைஞர் பதிவு செய்ய வேண்டியதில்லை. வீட்டிலிருந்து பார்சல் அனுப்புகிறவருக்கும் இது பொருந்தும், வேறு மாநிலத்தில் நடக்கும் கண்காட்சிக்குப் போய் நான்கு நாள் கடை போடுகிறவருக்கும் பொருந்தும்.

எது கைவினைப் பொருள் என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. பெரும்பகுதி கையால் செய்ததாக இருக்க வேண்டும். இடையில் கருவியோ இயந்திரமோ கொஞ்சம் பயன்பட்டிருந்தாலும் பரவாயில்லை. அலங்கார வேலைப்பாடு இருக்க வேண்டும். இயந்திரத்தில் வார்த்த பொருளிலிருந்து பார்த்தாலே வேறுபட்டுத் தெரிய வேண்டும். கைவினைப் பொருள்களுக்கான வரிப் பட்டியலில் கையால் செய்த இமிடேஷன் நகை, அதாவது தங்கம், வெள்ளி சேராத நகை, 7117 என்ற எண்ணின் கீழ் வருகிறது. விதை நகை, மணி நகை, ஏலக்காய் மாலைகூட அங்கே பெயர் சொல்லியே இருக்கிறது. ஏலக்காய் மாலை கட்டுகிறவரையும் நினைவில் வைத்து எழுதியிருக்கிறார்களே என்று படித்தபோது எனக்கு சந்தோஷமாக இருந்தது.

சௌகார்பேட்டையில் மணியும் கம்பியும் வாங்கி வந்து நாமே வடிவமைத்துக் கோர்த்தால் கைவேலைதான் என்பது என் கருத்து. இயந்திரத்தில் செய்த கவரிங் செட்டை மொத்தமாக வாங்கி அட்டைப்பெட்டி மாற்றி விற்பவர் இந்த விலக்கைக் கேட்க முடியாது. தங்க நகைக்கு ஹால்மார்க் உள்ளிட்ட வேறு விதிகள் இருக்கின்றன, அதை இங்கே கலக்கவில்லை.

சரி, விலக்கு கிடைக்க என்ன செய்ய வேண்டும்? எங்கும் மனுப் போட வேண்டாம். பான் எண் இருக்க வேண்டும். அப்புறம் ஈ-வே பில், அதாவது சரக்கை அனுப்பும் முன் இணையத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு. இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்குத்தான் ஈ-வே பில். ஆனால் ஜிஎஸ்டி எண் இல்லாத கைவினைஞர் வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது, சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவானாலும் ஈ-வே பில் எடுக்க வேண்டும். தங்கம், வெள்ளி நகைக்கு ஈ-வே பில் வேண்டாம் என்று ஒரு விதி இருப்பதைக் காட்டி, நமக்கும் வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். 2022 டிசம்பர் திருத்தத்தில் இமிடேஷன் நகையை அந்தச் சலுகையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். ஈ-வே பில் தளத்தில் ஜிஎஸ்டி எண் இல்லாத பொதுமக்களுக்கென்று தனி வழி இருக்கிறது. கட்டணம் கிடையாது.

ஆன்லைன் தளங்களில் விற்பதற்குக் கதை வேறு, இங்கே கவனமாக இருங்கள். அமேசான், மீஷோ போன்ற தளங்கள் வழியாக ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்க 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் பான் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும், ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் கிடைக்கும். அதோடு, இந்த வழியில் விற்கிறவர் வெளிமாநிலத்துக்குப் பொருளே விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதாவது கைவினை விலக்கில் பெங்களூருக்கு நேரடியாகப் பார்சல் அனுப்பிக்கொண்டே, இன்னொரு பக்கம் சேர்க்கை எண்ணை வைத்துத் தளத்திலும் விற்றால் நிபந்தனை உடைந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு, வாடிக்கையாளரிடம் நாமே நேரடியாகப் பணம் வாங்கி அனுப்புகிறவருக்கு, என்னைக் கேட்டால், கைவினை விலக்குதான் நல்லது.

தளங்கள் வழியாக இந்தியா முழுக்க விற்க வேண்டும், கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றால் தாராளமாகப் பதிவு செய்துகொள்ளலாம். இமிடேஷன் நகைக்கு வரி 3 சதவீதம்தான். ஆனால் பதிவு செய்துவிட்டால் விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் (விற்பனை, வரிக் கணக்கு) போட வேண்டும். தாமதமானால், வரி எதுவும் இல்லாத ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய். “எதற்கும் ஒரு எண் எடுத்து வைத்துக்கொள்வோம்” என்று எடுத்துவிட்டு மறந்தவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன்.

கடன், மானியம் என்று போகும்போது உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) கேட்பார்கள். ஜிஎஸ்டி விலக்கு உள்ளவர்களுக்கு அதற்கும் ஜிஎஸ்டி எண் வேண்டாம், ஆதாரும் பானும் போதும். அரசுத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று எழுதி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பில்லில் உங்கள் பெயர், முகவரி, தேதி, பொருள், தொகை எழுதினால் போதும். ஒரு நோட்டில் தமிழ்நாட்டு விற்பனையை ஒரு பக்கமும் வெளிமாநில விற்பனையை எதிர்ப்பக்கமும் எழுதி வாருங்கள். அந்த எதிர்ப்பக்கத்துக் கூட்டல் 20 லட்சத்தைத் தாண்டும் நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.