டேபிளைப் பார்த்து மட்டும் நார்மல் ஃபார்ம் சொல்லாதீர்கள்

அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அடிக்கடி திரையைக் காட்டி, "இது எந்த நார்மல் ஃபார்ம், அண்ணா?" என்பார்கள். ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி டேபிள் எவ்வளவு ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் படிநிலைகள்தான் நார்மல் ஃபார்ம். பத்திகளின் (column) பெயரும் நாலு வரி டேட்டாவும் இருந்தால் போதாது. எது எதைத் தீர்மானிக்கிறது என்ற விதி தெரிய வேண்டும். அதைத் தொழில் நடத்துபவரிடம்தான் கேட்க வேண்டும்.

சிங்கப்பூரின் தேக்கா பக்கம் சாப்பாடு டெலிவரி செய்யும் கடை ஒன்று என்று வையுங்கள். வாடிக்கையாளர் எண், பெயர், கைப்பேசி, அஞ்சல் குறியீடு, புளோக், சாலை, வீட்டு எண் எல்லாம் ஒரே டேபிளில். சிங்கப்பூரில் 1995 முதல் குறியீடு ஆறு இலக்கம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு. 210665 என்றால் பஃபலோ ரோடு புளோக் 665, அதாவது தேக்கா நிலையம்தான். ஆக, குறியீடு தெரிந்தால் புளோக்கும் சாலையும் தெரிந்துவிடும். ஆனால் குறியீடு கீ (ஒரு வரியைத் தனியாக அடையாளம் காட்டுவது) அல்ல, ஒரே புளோக்கில் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். கீ அல்லாத ஒன்று இப்படி வேறு பத்திகளைத் தீர்மானித்தால் மூன்றாம் நார்மல் ஃபார்ம் கிடைக்காது. எனவே டேபிள் இரண்டாம் நார்மல் ஃபார்மிலேயே நின்றுவிடுகிறது.

இதே பத்திகளைச் சென்னைக்குக் கொண்டுபோங்கள். பின்கோடும் ஆறு இலக்கம்தான், ஆனால் 600004 மயிலாப்பூரின் எத்தனையோ தெருக்களுக்குப் பொது. அது தெருவைத் தீர்மானிக்காது. கீ அல்லாத வேறு எதுவும் இன்னொரு பத்தியைத் தீர்மானிக்கவில்லையென்றால் அங்கே இது மூன்றாம் நார்மல் ஃபார்ம்.

சரி, கீ எது? இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், பலர் கடைசியில் செய்கிறார்கள். அடையாள அட்டை எண்ணை நினைக்காதீர்கள். சட்டம் கேட்டாலோ ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் அதை வாங்கக் கூடாது. கைப்பேசி எண்? டேட்டாவில் இதுவரை இரண்டு முறை வரவில்லை என்பது சான்றாகாது. கடைக்காரரைக் கேளுங்கள்: "அம்மா நம்பரில் மகனும் ஆர்டர் பண்ணுவானே!" என்பார். கையிலுள்ள டேட்டா ஒரு விதியை உடைத்துக் காட்டும், உறுதிப்படுத்தாது. ஆக, வாடிக்கையாளர் எண்தான் கீ.

எல்லாக் கீயும் ஒற்றைப் பத்தி என்றால், கீயின் ஒரு பகுதியை மட்டும் சார்ந்திருப்பது என்ற சிக்கலே வராது; இரண்டாம் நிலையைச் சோதிக்கவே வேண்டாம். அப்படிப்பட்ட டேபிள் மூன்றாம் நிலையை எட்டினால் ஐந்தாம் நிலையிலும் இருக்கும் என்று டேட்டாபேஸ் ஆய்வாளர்கள் டேட், ஃபேகின் இருவரும் 1992இல் நிரூபித்தார்கள். குழப்பமெல்லாம் பல பத்திகள் சேர்ந்து கீயாகும்போதுதான்.

நம் கடைக்கு வருவோம். புளோக்கையும் சாலையையும் தனி டேபிளாக்கி, குறியீட்டைக் கீயாக வையுங்கள். ஒருவர் 'ரோடு', இன்னொருவர் 'சாலை' என்று அடிக்கும் தொல்லை தீரும். முகவரியைச் சிங்கப்பூர் அரசின் இணைய வரைபடமான ஒன்மேப்பிலிருந்தே எடுக்கலாம். வீட்டு எண் மட்டும் வாடிக்கையாளர் டேபிளிலேயே இருக்கட்டும். குறியீடு கட்டடம் வரைதான் சொல்லும்.