பனிக்கடியில் போன திமிங்கிலங்கள்

1977 ஜூனில் சர்வதேசத் திமிங்கில ஆணையத்தின் முடிவு அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுப்பியட் மக்கள் தலையில் இடியாக இறங்கியது. இனி ஆர்க்டிக் கடல்களில் வாழும் போஹெட் திமிங்கிலத்தை வேட்டையாடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் வணிகக் கப்பல்கள் வேட்டையாடித் தீர்த்ததுபோக 600 முதல் 1,800 வரைதான் மிச்சம் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. மக்கள் போராடிய பிறகு, 1978க்கு 12 திமிங்கிலங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

எண்ணும் முறை எளிமையானது. வசந்தத்தில் பேரிங் கடலிலிருந்து போஃபர்ட் கடலுக்குச் செல்லும் திமிங்கிலங்கள் அலாஸ்காவின் வடகோடியான பாரோ முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். கரையை ஒட்டிய பனிக்கும் மிதக்கும் பனிக்கும் நடுவே, வாய்க்கால் போலத் திறந்த நீர் ஓடும். விஞ்ஞானிகள் பனிமேட்டில் உட்கார்ந்து, அதில் மூச்சுவிட எழுபவற்றை எண்ணுவார்கள். வாய்க்கால் மூடிக்கொண்டால் பயணமும் நின்றுவிடும் என்று நம்பினார்கள்.

ஹாரி பிரவர் போன்ற மூத்த வேட்டைக்காரர்கள் இதை ஏற்கவில்லை. வாய்க்கால் மூடினாலும் போஹெட் நிற்காது. பனிக்கடியிலேயே நீந்தும், மெல்லிய பனியை உச்சந்தலையால் முட்டி உடைத்து மூச்சுவிடும். கண்ணுக்கெட்டாத தூரத்தில், அகன்று பரவியும் போகும் என்றார்கள்.

உயிரியலாளர் டாம் ஆல்பர்ட் இதைக் காதில் வாங்கியதோடு நிற்கவில்லை. சோதித்துப் பார்க்க வழி பிறந்தது. பனி விளிம்பில் நீருக்குள் ஹைட்ரோஃபோன்களை, அதாவது நீரடி ஒலிவாங்கிகளை, இறக்கினார்கள். நீரில் ஒலி நொடிக்குச் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போகும். ஒரே குரல் ஒவ்வொரு கருவியையும் நொடியின் சிறு பங்கு முன்பின்னாக எட்டும். மூன்று கருவிகளின் நேர வித்தியாசம் தெரிந்தால் திமிங்கிலம் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். வாய்க்கால் மூடிக் கிடந்த நாட்களிலும் குரல்கள் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சேர்த்துப் போட்ட கணக்கு 1993இல் சுமார் 8,000; 2001இல் பத்தாயிரத்துக்கு மேல். இந்த உயர்வில் ஒரு பங்கு உண்மையான பெருக்கம்தான். எல்லாம் பழைய பிழையின் திருத்தம் என்று சொல்வது மிகை. ஆனால் மரபறிவை அறிக்கையின் முன்னுரையில் ஒரு பத்தியாக ஒதுக்கிவிடும் வழக்கத்தைப் பார்க்கையில், இங்கே அது ஆய்வின் கருவியையே மாற்றியது என்பதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

போஹெட் இரண்டு மனித ஆயுள் வாழும் என்பதும் இனுப்பியட் பெரியவர்கள் சொல்லிவந்ததுதான். வேட்டையில் கிடைத்த திமிங்கிலங்களின் கண் வில்லையில் உள்ள அமினோ அமிலத்தின் மாற்றத்தை அளந்து வயது கணித்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. அதில் ஒன்றின் வயது இருநூறைத் தாண்டியிருந்தது. இவ்வளவு மெதுவாக வளரும் உயிர் முதல் குட்டி போடவே இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். எத்தனையைப் பிடிக்கலாம் என்று முடிவுசெய்பவர்களுக்கு எண்ணிக்கையைப் போலவே இந்த வயதும் தெரிந்தாக வேண்டும்.