தொலைபேசியை ஒட்டுக்கேட்க யார் உத்தரவிடலாம்? 2024 விதிகளும் குடிமக்களுக்கு உள்ள பாதுகாப்பும்

இந்தியாவில் ஒருவருடைய தொலைபேசி உரையாடலை அரசு ஒட்டுக்கேட்பதற்கு நீதிமன்றத்தின் அனுமதி தேவையில்லை. வீட்டைச் சோதனையிட வாரண்ட் கேட்பதுபோல இதற்கும் நீதிபதியிடம் போக வேண்டியிருக்கும் என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அனுமதி தருவதும் அரசுச் செயலாளர், அந்த அனுமதி சரியா என்று பார்ப்பதும் அரசுச் செயலாளர்கள். இதற்கான அதிகாரம் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவில் இருக்கிறது. நடைமுறையை 2024 டிசம்பர் 6ஆம் தேதியிட்ட இடைமறிப்பு (ஒட்டுக்கேட்பு) விதிகள் வகுக்கின்றன. முன்பு அந்த இடத்தில் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவும் தந்தி விதிகளின் 419ஏ விதியும் இருந்தன. எண்கள் மாறினவே தவிர அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை என்பதால், பழைய சட்டத்தின்கீழ் வந்த தீர்ப்புகள் இன்றும் கைகொடுக்கும்.

உத்தரவு பிறப்பிக்க முதலில் பொது அவசரநிலை ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்பின் நலன் அதைக் கோர வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போக முடியும்: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நல்லுறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய காரணங்களில் ஒன்றைக் காட்டி, எழுத்து மூலமாக உத்தரவிட வேண்டும். வேண்டிய தகவலை வேறு வழியில் பெற முடியுமா என்பதையும் உத்தரவிடுபவர் கருத வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளுக்கு அடித்தளம் இட்டது மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு.

மத்திய அரசில் உள்துறைச் செயலாளரும், மாநிலத்தில் அந்த அரசின் உள்துறைச் செயலாளரும் உத்தரவிடத் தகுதியுள்ளவர்கள். தவிர்க்க முடியாத சூழலில், இதற்கென அதிகாரம் பெற்ற இணைச் செயலாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி உத்தரவிடலாம். தொலைதூரப் பகுதியிலோ உடனடி நடவடிக்கையின்போதோ முன் அனுமதி பெற இயலாவிட்டால், விசாரணை அமைப்பின் தலைவரோ அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரோ (மாநிலத்தில் ஐ.ஜி. நிலைக்குக் குறையாதவர்) இடைமறிப்பைத் தொடங்கலாம். ஆனால் 3 வேலை நாட்களுக்குள் உள்துறைச் செயலாளருக்குத் தெரிவித்து, 7 வேலை நாட்களுக்குள் உறுதிப்படுத்தல் பெற வேண்டும். பெறாவிட்டால் இடைமறிப்பு நிற்க வேண்டும். அதுவரை பதிவானதை நீதிமன்றத்தில் சான்றாகக்கூடப் பயன்படுத்த முடியாது என்று புதிய விதி தெளிவாகக் கூறுகிறது. எந்த உத்தரவும் 60 நாட்கள் வரை செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாட்களைத் தாண்டக் கூடாது.

உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவுக்கு மத்தியில் அமைச்சரவைச் செயலாளரும் மாநிலத்தில் தலைமைச் செயலாளரும் தலைமை வகிக்கிறார்கள். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்; சட்டத்துக்குப் பொருந்தாத உத்தரவை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. காகிதத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த ஒரு பதிலைச் சுட்டிக்காட்டி, தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் எழுதியதைப் படித்தால் நிலைமை புரியும்: மறுஆய்வுக் குழு ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது. ஓர் உத்தரவுக்கு ஒரே நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், இடைவிடாமல் உட்கார்ந்தால் 10 நாட்களுக்கு மேல் ஆகும். அமைச்சரவைச் செயலாளருக்கு வேறு வேலையும் இருக்கிறது.

எனவே விதிமீறல் வெளிவருவது பெரும்பாலும் குழுவில் அல்ல, வழக்கு நீதிமன்றத்துக்கு வந்து கோப்பைக் கேட்கும்போதுதான். ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர், வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் லஞ்சம் கொடுக்கப்பட்டதாகச் சிபிஐ தொடுத்த வழக்கில் சிக்கியவர். 2011 ஆகஸ்டில் தம் தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை பிறப்பித்த உத்தரவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதி ந. ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று அந்த உத்தரவை ரத்து செய்தார். லஞ்ச வழக்கு பொது அவசரநிலையும் அல்ல, பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையும் அல்ல. மேலும், பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கே வைக்கப்படவில்லை. ஒட்டுக்கேட்டவற்றை எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்றும், தனியாகத் திரட்டப்பட்ட பிற சான்றுகளை இது பாதிக்காது என்றும் தீர்ப்பு கூறியது. 60 நாள் உத்தரவு ஒன்று செல்லாது என்று தெரிய ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின.

இதே கருத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2019இலேயே எடுத்திருந்தது. ஆனால் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், பெரிய அளவிலான ஊழல் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கக்கூடும் என்று வேறுவிதமாகப் பார்த்தது. நடைமுறை மீறப்பட்டதாலேயே சான்று செல்லாததாகிவிடாது என்று, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005இல் கூறியதும் அரசுத் தரப்பு தவறாமல் எடுத்துவைக்கும் வாதம்.

இந்த விதிகளுக்குள் வராதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். யார் யாருடன் எப்போது, எவ்வளவு நேரம் பேசினார் என்ற அழைப்பு விவரங்களைப் பெற உள்துறைச் செயலாளரின் உத்தரவு தேவையில்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவின்கீழ் காவல் துறையே கேட்டுப் பெறலாம். கணினி வழியாகச் செல்லும் தகவல்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆவது பிரிவு பொருந்தும். அதில் பொது அவசரநிலை என்ற முன்நிபந்தனையே இல்லை, ஏதேனும் ஒரு குற்றத்தைப் புலனாய்வு செய்வதும் போதிய காரணமாகிவிடும். அந்தப் பிரிவின்கீழ் சிபிஐ, அமலாக்கத் துறை, என்ஐஏ, உளவுத் துறை உள்ளிட்ட 10 அமைப்புகளை இதற்கு அதிகாரம் பெற்றவையாக மத்திய அரசு 2018 டிசம்பரில் அறிவித்தது.

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு அதைப் பின்னர்கூடத் தெரிவிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஆகவே, பெரும்பாலானோருக்கு இது தெரியவருவது குற்றப்பத்திரிகையின் நகல் கைக்கு வரும்போதுதான். உரையாடல் பதிவு சான்றாகக் காட்டப்பட்டிருந்தால், உத்தரவு எந்தத் தேதியில் யார் கையெழுத்தில் பிறந்தது, காரணம் எழுதப்பட்டுள்ளதா, மறுஆய்வுக் குழுவின் முன் எப்போது வைக்கப்பட்டது, குழு என்ன எழுதியது என்பவற்றை வழக்கறிஞர் மூலம் உடனே கேட்க வேண்டும். தாமதிக்கக் கூடாததற்குக் காரணம் உண்டு: பணிக்கோ நீதிமன்ற ஆணைக்கோ தேவைப்படாத பதிவுகளை 6 மாதங்களுக்கு ஒருமுறை அழிக்க வேண்டும் என்பதும் இதே விதிகளில்தான் இருக்கிறது. ஆவணங்களைப் பாதுகாக்கும்படி நீதிமன்றத்திடம் முன்கூட்டியே ஆணை பெற்றுவிட்டால், அவற்றை அழிக்க முடியாது.