துப்புரவு ஏற்பி: ரத்தக் குழாய்க்குள் ஒரு சொல்

செல்லின் மேல் இருந்துகொண்டு, கெட்டுப்போனதைப் பிடித்து உள்ளே இழுக்கும் 'ஸ்கேவஞ்சர் ரிசெப்டர்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். நர்சிங் படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழில் குறிப்பு தயாரிக்கிறார். துப்புரவு ஏற்பி என்று உடனே சொல்லிவிட்டேன், ஆனால் இரண்டு நாளாக அந்தச் சொல் என்னை விடவில்லை, ஏனென்றால் அதை ஒழுங்காக விளக்க வேண்டுமானால் கொலஸ்ட்ராலில் இருந்து தொடங்க வேண்டும், அந்த முதல் சொல்லிலேயே நாம் தப்பு செய்து வைத்திருக்கிறோம்.

நான் தக்கலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் என் மாமா வந்தார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர், ஒட்டி உலர்ந்த உடம்பு. ரிப்போர்ட்டைப் பார்த்து, "மாமா, கொழுப்பு கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்றேன். "எனக்கா மக்கா கொழுப்பு? நான் மெலிஞ்சுல்லா இருக்கேன்" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். டாக்டரிடம் காட்டவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொழுப்பு என்றால் நம் காதில் தொப்பையும் திமிரும்தான் விழும். தப்பான சொல்லைச் சொன்னது நான்.

கொலஸ்ட்ரால் கொழுப்பு கிடையாது. வேலையிலேயே இது கண்ணுக்குத் தெரியும். ரத்தத்தைச் சுழற்றி எடுத்ததும் டியூபின் அடியில் சிவப்பணுக்கள் படிந்துவிடும், மேலே சீரம் வெளிர் மஞ்சளாக நிற்கும். டிரைகிளிசரைடு, அதாவது நிஜமான கொழுப்பு, ரொம்பக் கூடிப்போனவர்களின் சீரம் கஞ்சித் தண்ணி மாதிரி வெளுத்துக் கலங்கியிருக்கும். கொலஸ்ட்ரால் மட்டும் கூடியவர்களின் சீரமோ தெளிவாகவே இருக்கும், மாமாவுடையதும் அப்படித்தான் இருந்தது, மெஷின் எண்ணைச் சொல்கிற வரை எனக்கே தெரியவில்லை.

பெயரும் அதைத்தான் சொல்கிறது. கிரேக்கத்தில் 'கோலே' என்றால் பித்தம், 'ஸ்டீரியோஸ்' என்றால் திடமானது. பித்தக்கல்லில் இருந்து எடுத்த வெள்ளைப் பொருள் என்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்தவர் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் செவ்ரல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்து பார்த்தது ரொம்ப எளிய விஷயம். தேங்காய் எண்ணெயில் காரம் சேர்த்து வீட்டில் சோப்பு செய்கிறவர்கள் நம் ஊரில் உண்டு இல்லையா, அதேபோல் இந்தப் பொருளில் காரம் சேர்த்தால் சோப்பாக மாறவில்லை. கொழுப்பாக இருந்தால் மாறியிருக்கும். இது ஒருவகை ஆல்கஹால் என்று 1859-இல் இன்னொரு பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் பெர்தெலோ காட்டினார், கடைசியில் வரும் 'ஆல்' அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. 200 வருடத்துக்கு முன்பே கொழுப்பில் இருந்து பிரித்துவைத்த ஒன்றை நாம் இன்னும் கொழுப்பு என்றே அழைத்துக்கொண்டிருக்கிறோம். கொலஸ்ட்ரால் என்றே தமிழில் எழுதலாம் என்பது என் கருத்து. வைட்டமின் என்று எழுதவில்லையா?

சரி, ஏற்பிக்கு வருவோம். 'ரிசெப்டர்' லத்தீனில் வாங்கிக்கொள்வது என்ற பொருளுள்ள சொல்லில் இருந்து வந்தது. 1900-ஐ ஒட்டி நோய் எதிர்ப்பைப் பற்றி ஆராய்ந்த பால் ஏர்லிக் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். செல்லின் மேல் பூட்டு போல ஒன்று இருக்கிறது, பொருந்துகிற பொருள் வந்தால் பிடித்துக்கொள்ளும் என்றார். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு 'வாங்கி', நம் பாடநூல்களில் 'ஏற்பி'. இரண்டும் நல்ல சொற்கள். எனக்கு ஏற்பிதான் பிடிக்கும், ஏனென்றால் ஏற்றல் என்பதில் கை நீட்டி வாங்குவதும் உண்டு, சம்மதிப்பதும் உண்டு, தனக்குப் பொருந்தியதைத்தான் ஏற்பி ஏற்கும்.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது. புரதம் போர்த்திய சின்னச் சின்ன உருண்டைகளில் ஏறித்தான் போகும், அதில் ஒருவகை எல்டிஎல். அதைச் செல்லுக்குள் இழுக்கும் எல்டிஎல் ஏற்பியை அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1970-களில் கண்டுபிடித்தார்கள், 1985-இல் நோபல் பரிசு. இந்த ஏற்பிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: செல்லுக்குப் போதுமான கொலஸ்ட்ரால் வந்ததும் தன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்தால் இலையை மடிப்பது போல. டாக்டர்கள் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுத்து இந்த ஏற்பிகளைக் கூட்டுகிறது, கூடிய ஏற்பிகள் ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லை இழுத்துக்கொள்ளும்.

ஆனால் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் ஒரு புதிர் மிஞ்சியது. பிறவியிலேயே எல்டிஎல் ஏற்பி வேலை செய்யாத குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்தது, அவர்களின் ரத்தக் குழாய்ச் சுவரில் இருந்த விழுங்கு செல்கள் (கிருமியையும் கழிவையும் விழுங்கும் 'மேக்ரோஃபேஜ்') நிறையக் கொலஸ்ட்ரால். வாசலே இல்லாத வீட்டுக்குள் சரக்கு எப்படி வந்தது? அதே இருவரும் கூட வேலை செய்தவர்களும் 1979-இல் பதில் கண்டார்கள். எல்டிஎல்லை வேதியியல் முறையில் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால், விழுங்கு செல்கள் வேறொரு ஏற்பி வழியாக அதை அள்ளி விழுங்கின. அதுதான் நம் தலைப்பில் இருக்கும் ஏற்பி. எஸ்ஆர்-ஏ, சிடி 36 என்று அதில் பல வகை.

உடம்பில் அந்த மாற்றத்தை யார் செய்கிறார்கள் என்றால், பெரும்பாலும் ஆக்சிஜனேற்றம். தேங்காய் எண்ணெயைத் திறந்து வைத்தால் நாள்பட்டு ஒரு சிக்கு வாடை வரும் அல்லவா, ரத்தக் குழாயின் உள்சுவரில் சிக்கி நிற்கும் எல்டிஎல்லுக்கும் நடப்பது கிட்டத்தட்ட அதுதான். கெட்டுப்போனதைத் துப்புரவு செய்ய விழுங்கு செல் வருகிறது, வேலை நியாயமான வேலை. கொடுமை என்னவென்றால் இந்த ஏற்பிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. செல்லுக்குள் எவ்வளவு நிறைந்தாலும் அது குறையாது. விழுங்கி விழுங்கி, அந்தச் செல் நுண்ணோக்கியில் நுரை மாதிரித் தெரிகிற அளவுக்கு உப்பிவிடும், நுரைச் செல் என்று அதற்குப் பெயர். வாங்கியதில் ஒரு பகுதியை எச்டிஎல் என்ற இன்னொருவகை உருண்டை வழியாக வெளியே அனுப்பப் பார்க்கும், வரத்து கூடினால் அதுவும் தோற்கும். உள்ளே கொலஸ்ட்ரால் ஊசி ஊசியாகப் படிகமாகும், அந்த ஊசி செல்லின் உள்பைகளைக் கிழிக்க, என்எல்ஆர்பி 3 என்ற உள் ஏற்பி விழித்துக்கொண்டு அழற்சியை ('இன்ஃப்ளமேஷன்') தூண்டும். செல் செத்துப்போகும். அடுத்தது வரும், அதுவும் சாகும்.

அப்படிச் செத்த செல்லும் கொலஸ்ட்ராலும் குழைந்து கிடப்பதற்குப் பழைய மருத்துவர்கள் வைத்த பெயரில் 'அதரே' இருக்கிறது, கிரேக்கத்தில் கூழ் என்று பொருள். 'ஸ்கிளிரோஸ்' என்றால் இறுகியது. இரண்டையும் சேர்த்து 1904-இல் மார்ச்சண்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் 'அதெரோஸ்கிளிரோசிஸ்' என்று சொன்னார். உள்ளே கூழ், மேலே இறுகிய மூடி. மூடி கிழிந்து கூழ் ரத்தத்தைத் தொட்டால் அந்த இடத்தில் ரத்தம் உறையும், மாரடைப்பு பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான். 'தமனித் தடிப்பு' என்று எழுதும்போது இந்தக் கூழ் காணாமல் போய்விடுகிறது. தமனிக் கூழ்த்தடிப்பு என்று எழுதிப் பாருங்களேன்.

அழற்சி வெறும் பக்க விளைவுதானா என்று ரொம்ப காலம் சண்டை நடந்தது. 2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி போட்டார்கள். எல்டிஎல் குறையவில்லை, ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு சேர்த்துச் சுமார் 15 சதவீதம் குறைந்தது. உயிரைப் பறிக்கும் தொற்று அவர்களிடம் கூடியதும் உண்மை.

இப்போது 'ஸ்கேவஞ்சர்'. பழைய லண்டனில் வெளியூர் வியாபாரிகளின் சரக்கைப் பார்வையிட்டு வரி வாங்கியவர்களின் பெயர் அது, அப்புறம் தெருவைச் சுத்தமாக வைக்கும் பொறுப்பு அவர்களிடம் வந்ததும் பெயர் அந்த வேலையோடு ஒட்டிவிட்டது. தமிழில் சிலர் 'தோட்டி ஏற்பி' என்று எழுதுகிறார்கள். தோட்டி நல்ல பழைய சொல்தான், குறளில் யானையை அடக்கும் அங்குசத்துக்கு அது பெயர், மலையாளத்தில் மாங்காய் பறிக்கும் கொக்கிக் கம்புக்கு இன்றும் அதே பெயர், கொக்கி போட்டு இழுப்பது ஏற்பிக்குப் பொருத்தம்கூட. ஆனால் அந்தச் சொல்லால் எத்தனை பேரைத் தெருவில் நிறுத்திக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் வகுப்பில் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியின் அப்பா அந்த வேலையில் இருக்கலாம்.

துப்புரவில் அந்த வலி குறைவு. அதைவிட எனக்குப் பிடித்த காரணம் இன்னொன்று உண்டு. குறளில் துப்புரவு என்றால் சுத்தம் கிடையாது, உண்டு அனுபவிக்கும் பொருள். 1050-ஆவது குறளில் 'துப்புரவு இல்லார்' என்று வருவது சோற்றுக்கு வழியில்லாதவர்களை. அதே குறள் உப்பையும் காடியையும் சொல்லி முடிகிறது, காடி என்றால் புளித்த கஞ்சி. சுத்தம் செய்வதும் தின்பதும் ஒரே சொல்லில் இருக்கிறது, இந்த ஏற்பி தின்றுதான் சுத்தம் செய்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்!

எழுதும்போது துப்புரவு ஏற்பி என்று பிரித்தே எழுதச் சொல்லியிருக்கிறேன். துப்புரவேற்பி என்று சேர்த்தால் இலக்கணம் இடிக்காது, ஆனால் முதல் தடவை படிக்கும் பிள்ளைக்கு வார்த்தை எங்கே உடைகிறது என்றே தெரியாது. சிடி 36 அப்படியே இருக்கட்டும், அதற்குத் தமிழ் தேட வேண்டாம். மாமாவுக்கு நேற்று போன் போட்டு, "கொழுப்பு இல்ல மாமா, கொலஸ்ட்ரால், அது வேற" என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார்.